நிகண்டிலிருந்து அகராதிக்கு

சேலம் நகரத்துக்கு வடக்கே, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் எதிர்ப்படும் ஏற்காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் காப்பித் தோட்டங்களையும், ஏரியையும், கோடைக்காலத்துக் குளிர்ச்சியையும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்களே அன்றி, தமிழருக்கு ஆங்கிலச் சொற்களையும் ஆங்கிலேயருக்குத் தமிழ்ச் சொற்களையும் எடுத்துக் கொடுப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1882ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இந்த மலையிலேதான் கண் மூடினார் என்பதை நினைவு கூர்பவர் மிகச் சிலர். பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பிடித்து மனத்தில் இருத்த வேண்டும் என்ற வேட்கை இன்று நம் வீடுகள் தோறும் காணப்படுகிறது. அந்த வேட்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அச் சரித்திரத்தின் முக்கியமான இழைகளுள் சில இந்தச் சேர்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்துச் சேலத்திலும் வந்து கூடுகின்றன.

மலையின் பூர்வ நிலையை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்வது நலம். வாழவந்தி முதலிய கிராமங்களில் வாழும் மலையாளிகள் என்ற மலைவாழ் மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லிக்கொள்பவர்கள், பேசுவது தமிழ், பயிரிட்டது சாமையும் தினையும் கேழ்வரகும். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்ற துரை இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து ஊன்றினார். காப்பியோடு தோட்டங்கள் வந்தன; தோட்டங்களோடு துரைமார்களும், அவர்களுடைய கணக்கை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ரைட்டர்களும், கூலியாட்களை மேய்ப்பதற்கு மேஸ்திரிகளும் வந்தார்கள். ஆங்கிலம் இந்த மலைக்கு முதன்முதலில் ஏறியது புத்தகத்தின் வழியாக அன்று, சம்பளக் கணக்கின் வழியாகத்தான். சமவெளியிலும் பெரும்பாலும் அப்படியேதான் நடந்தது என்பதைப் பின்னால் காண்போம்.

ஆனால் ஆங்கிலம் வருவதற்கு முன்னே தமிழர் சொற்களை எவ்வாறு கற்றார்கள் என்பதை அறியாமல், ஆங்கிலச் சொற்களை அவர்கள் கற்ற முறையை விளங்கிக்கொள்ள முடியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுத்துப் பழகி, ஏட்டுச்சுவடி வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு, ஆத்திசூடி முதலிய நீதி நூல்களுக்குப் பிறகு உபாத்தியாயர் கொடுத்த பெருஞ் செல்வம் நிகண்டு. திவாகரம், பிங்கலம் என்ற பழைய நிகண்டுகள் சூத்திர நடையில் அமைந்திருந்தமையால் சிறு பிள்ளைகளின் நாவில் எளிதில் நில்லாமற் போக, மண்டலபுருடர் என்ற ஜைனப் புலவர் விருத்தப் பாவில் பாடிய சூடாமணி நிகண்டே தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிப் பிள்ளைகளின் மனப்பாட நூலாக விளங்கிற்று. தேவர்களின் பெயர்களில் தொடங்கி, மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று உலகத்துப் பொருள்களையெல்லாம் வகுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் வழங்கும் பெயர்களை அடுக்கி, பதினோராந் தொகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும், பன்னிரண்டாந் தொகுதியில் பல பொருள் சேர்ந்த கூட்டத்துக்குரிய ஒரு பெயரையும் கூறி முடியும் அந்த நூலின் அமைப்பு, வெறும் சொற்பட்டியல் அன்று. உலகத்தைப் பார்க்கும் ஒரு முறையாகும். 1852இல் லண்டனில் ரோஜே என்ற வைத்தியர் தம்முடைய பிரசித்தி பெற்ற பொருள்வாரிச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டபோது ஆங்கிலேயருக்கு அது நூதனமாகத் தோன்றியிருக்கலாம். சொற்களை அகர வரிசையில் வையாது பொருள் வரிசையில் வைக்கும் அந்த யோசனை, நம் நாட்டில் ஆயிரம் வருஷத்துப் பழமை உடையது.

நமக்கு அகர வரிசை பிற்காலத்தில் வந்தது. வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கி பாதிரியார் 1732இல் முடித்த சதுரகராதி, நிகண்டு மரபை விடாமல், பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு கூறுகளாகச் சொற்களை வகுத்து, அவற்றை எழுத்து வரிசையில் நிறுத்தியது. அதாவது, மேல்நாட்டு முறை வந்து சேர்ந்தபோதும் அது நிகண்டின் மேலேதான் வந்து சேர்ந்தது. தரங்கம்பாடி மிஷனின் வழிவந்த ஃபப்ரிஷியஸ் பாதிரியார் 1779இல் சென்னை வேப்பேரியில் அச்சிட்ட தமிழ்-ஆங்கில அகராதியும், அதற்குச் சில வருஷங்களுக்குப் பின் வந்த ஆங்கில-தமிழ் அகராதியும், இரு மொழிகளையும் ஒரே பக்கத்தில் சந்திக்க வைத்தன. தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரருக்காகச் செய்யப்பட்ட அந்தப் புஸ்தகங்கள், காலக்கிரமத்தில் ஆங்கிலம் கற்க விரும்பிய தமிழருக்கும் உதவின.

இந்தக் கலப்பு பூரணமாக நிகழ்ந்த இடம் யாழ்ப்பாணம். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் கணிதமும் வானசாஸ்திரமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோதே தமிழிலக்கியமும் உயர்ந்த நிலையில் போதிக்கப்பட்டது. பெர்சிவல், 1826இல் தம் இருபத்து மூன்றாவது வயதில், வெஸ்லியன் மிஷனைச் சார்ந்தவராக யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அவர் தலைமையில் வளர்ந்த ஆங்கிலப் பள்ளியே பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாயிற்று. அந்தப் பள்ளியில் மாணாக்கராகச் சேர்ந்து, பிறகு அங்கேயே உபாத்தியாயராக அமர்ந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். கீழ்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புகளுக்குத் தமிழும் அவர் கற்பித்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுவர். பெர்சிவல் பைபிளைத் தமிழில் புதிதாக மொழிபெயர்க்க முற்பட்டபோது துணைக்கு அழைத்தது இந்த இளம் உபாத்தியாயரைத்தான். சைவத்திலே ஊன்றி நின்ற இளைஞரும் கிறிஸ்து மதத்தைப் பரப்ப வந்த பாதிரியாரும் ஒரு மேஜையின் இரு புறமும் அமர்ந்து, ஒரு சொல்லுக்கு ஈடான மறு சொல் எது என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள் என்பது, நம் மொழிச் சரித்திரத்தில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த செய்திகளுள் ஒன்று. மொழிபெயர்ப்பு முடிந்தபின், அதன் நடையைப் பரிசோதிக்க இருவரும் சென்னைக்கு வந்து மகாலிங்கையர் என்ற வித்துவானிடம் காட்டினார்கள் என்றும், அவர் அதனை மெச்சினார் என்றும் சொல்லப்படுகிறது. கருத்தில் மாறுபட்டவர்கள் சொல்லில் ஒத்துழைத்தார்கள். ஒருவர் நம்பிக்கையை மற்றவர் விலைக்கு வாங்கவில்லை.

அந்த வேலையில் பெர்சிவல் பெற்ற தமிழறிவு யாவருக்கும் தெரிந்ததே. நாவலர் பெற்றது என்ன என்பதை நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. ஆங்கில வசனத்தின் குறியீடுகளையும், வாக்கியத்தை நிறுத்தி நிறுத்திப் பொருள் விளங்கச் செய்யும் முறையையும் தமிழ் உரைநடைக்கு அவர் கொண்டுவந்ததற்கு அந்த மேஜைப் பழக்கம் காரணமாயிற்று என்று கருத இடமுண்டு. 1848இல் பெர்சிவலின் பள்ளியை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர், அடுத்த வருஷம் அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்கு வந்தபோது முதன்முதல் அச்சிட்ட நூல்களுள் ஒன்று சூடாமணி நிகண்டு உரை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தை நன்கு அறிந்த ஒருவர், தம் மக்களின் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டியது சொல்வளமே என்று தேர்ந்தார்.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் மற்றொரு பெரும் பணியும் நடந்துகொண்டிருந்தது. ஜோசப் நைட் என்ற பாதிரியார் தொடங்கி வைத்துப் பலர் கைமாறி வந்த சொற்றொகுதியை மைரன் வின்சுலோ என்ற அமெரிக்கர் ஏற்று, தமிழ்ப் பண்டிதர் பலருடைய உதவியோடு வளர்த்து, 1862இல் சென்னையில் வெளியிட்டார். அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்தப் பெருநூலின் முகப்பில் வின்சுலோவின் பெயர் நிற்கிறது. அதற்காக ஏடு ஏடாகப் புரட்டிச் சொல் எடுத்துக் கொடுத்த பண்டிதர்களின் பெயர்கள் அவ்வாறு நிற்கவில்லை. அகராதி என்பது ஒருவர் பெயரில் வழங்கும் பலர் உழைப்பு. பிற்காலத்தில் சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தாங்கி நிற்பதற்கு வின்சுலோவின் தொகுப்பும் ஓர் அஸ்திவாரம்.

இனிச் சென்னைக்கு வருவோம். 1839ஆம் வருஷத்தில், ஆங்கிலக் கல்வி தரும் உயர்தரக் கலாசாலை ஒன்று வேண்டும் என்று சென்னை வாசிகள் எழுபதினாயிரம் பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் கொடுக்கப்பட்டது. ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞர் இதில் முன்னின்றார். இதன் பயனாக 1841இல் பவல் துரையைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய உயர்தரப் பள்ளியே மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு, அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலம் கற்றவர்களையே முன்னுரிமை கொடுத்து எடுக்க வேண்டும் என்று விதித்தார். 1857இல் சென்னைச் சர்வகலாசாலை பிறந்து, மெட்ரிக்குலேஷன் என்ற வாயிலைக் கட்டி நிறுத்தியது. அந்த வாயிலைத் தாண்டினவனுக்குக் குமாஸ்தா வேலையாவது உறுதி. தாண்டாதவனுக்கு ஊர்க்கணக்கும் உழவும்.

அப்பொழுது என்ன நிகழ்ந்தது? தலைமுறை தலைமுறையாக நிகண்டை நெட்டுருப் போட்டுப் பழகிய நாக்கு, அதே முறையை ஆங்கிலத்தின் மேல் செலுத்தியது. ஒரு பொருள் தரும் பல சொற்களைச் சேர்த்துச் சேர்த்து மனப்பாடம் செய்தல், அகராதியைப் பக்கம் பக்கமாகப் படித்தல், பெரியோர் பிரசங்கங்களில் வந்த சொற்றொடர்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து ஒப்புவித்தல் ஆகிய யாவும் நம்மவர் ஆங்கிலக் கல்வியின் லக்ஷணங்களாயின. இதைப் பழித்தவர்கள் உண்டு. பொருளறியாமல் சொல்லை விழுங்குகிறார்கள் என்று பரீக்ஷகர்கள் குறை கூறினார்கள். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. எனினும் குற்றம் மனப்பாடத்தில் இல்லை என்பது என் துணிபு. நிகண்டைக் கற்ற பிள்ளை அதன்பின் அந்தச் சொற்களை நைடதத்திலும் கம்ப ராமாயணத்திலும் சந்தித்தான். மனத்தில் இருந்த சொல் செய்யுளில் உயிர்பெற்று எழுந்தது. ஆங்கிலச் சொல்லைக் கற்ற பிள்ளைக்கோ, பரீக்ஷை முடிந்தபின் அந்தச் சொல்லைச் சந்திக்கக் கச்சேரி மனுவும் காரியாலயக் கடிதமுமே கிடைத்தன. சொல்லுக்குப் பின்னால் நூல் இல்லாமற் போனதே குறை.

மாயூரம் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1879இல் வெளிவந்த தம் பிரதாப முதலியார் சரித்திரத்தில், கட்சிக்காரனுக்கு ஒரு எழுத்தும் தெரியாத ஆங்கிலத்தில் வக்கீல்கள் வாதாடுவதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். அவர் ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர். அந்தப் பாஷையில் தேர்ச்சி பெற்றே நீதிபதியானவர். கற்ற சொல்லைக் கல்லாதவன்மேல் ஆதிக்கம் செலுத்தப் பயன்படுத்துவது அநீதி என்ற அவர் கட்சி, இன்றைக்கும் செல்லுபடியாகும் கட்சி.

1850களில் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் இந்திய மொழிகளின் பேராசிரியராக அமர்ந்த பெர்சிவல், இந்தக் குறையைத் தம்மளவில் நீக்க முயன்றவர் என்றே சொல்ல வேண்டும். 1855இல் தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு ஆசிரியராக இருக்க யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலிருந்து சி. வை. தாமோதரம் பிள்ளையை வருவித்தார். வட்டுக்கோட்டையில் ஆங்கிலமும் கணிதமும் கற்ற தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை என்ற தம் நாட்டவரோடு சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரியாகத் தேறியவர். கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் செல்லரித்த ஏடுகளிலிருந்து மீட்டு அச்சேற்றியவரும் அவரே. ஆங்கிலத்தில் முதலில் பட்டம் பெற்ற தமிழர், பழந்தமிழ்ச் சுவடிகளைக் காத்த முதல்வர்களுள் ஒருவராகவும் இருந்தது தற்செயலாக நேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லின்மேல் ஒரு முறை சிரத்தை பிறந்துவிட்டால் அது மொழியைப் பார்ப்பதில்லை.

பெர்சிவல் 1860களில் ஆங்கில-தமிழ், தெலுங்கு-ஆங்கில அகராதிகளை மாணவருக்காகச் செய்தார். வின்சுலோவின் நூலைப் போல் பிரும்மாண்டமாக இல்லாமல், பள்ளிப் பிள்ளை கையில் எடுத்துச் செல்லக்கூடிய அளவில் அமைந்தவை அவை. ஆனால் அவருடைய உள்ளம் தோய்ந்த நூல் வேறு. 1842இல் யாழ்ப்பாணத்தில் சிறிய அளவில் வெளியிட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் விடாது சேர்த்து, 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளோடும் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அவர் வெளியிட்ட தமிழ்ப் பழமொழித் திரட்டே அது. எழுபது வயதைக் கடந்த ஒரு மனிதர், உயர்ந்த சொற்களை எல்லாம் தொகுத்து முடித்தபின், குடியானவனும் வண்ணாத்தியும் சந்தைக்குப் போகிற பாட்டியும் பேசுகிற மொழியிடம் வந்து நின்றார். அகராதி செய்பவனுக்கு இறுதியில் தெரிய வருவது, சொல் தனியே வாழ்வதில்லை, வாக்கியத்திலும் வாழ்க்கையிலுமே வாழ்கிறது என்பதுதான் போலும்.

    

பெர்சிவல் கண் மூடிய மலையிலிருந்து கீழே இறங்கினால் சேலம். 1857இல் பள்ளியாகத் தொடங்கி, முனிசிபல் கல்லூரியாக வளர்ந்து, இன்று அரசு கலைக் கல்லூரியாக நிற்கும் கலாசாலையில், தம் இளமையில் உபாத்தியாயராக இருந்தவர் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார். ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் 1869இல் பிறந்து, கும்பகோணத்தில் படித்தவர். அந்தக் கும்பகோணம் கல்லூரியின் பெருமை அக்காலத்தில் தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று பேசப்பட்டது. போர்ட்டர் என்ற ஆங்கிலேயரும் கோபாலராவ் என்ற நம்மவரும் அங்கே வளர்த்த ஆங்கிலப் பயிற்சி பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டது. சாஸ்திரியார் மாணாக்கராக இருந்த நாளில், அதே கட்டடத்தில் உ. வே. சாமிநாதையர் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். சாஸ்திரியார் மாயூரத்திலும் சேலத்திலும் வேலை பார்த்தபின், 1894 முதல் 1902 வரை திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பள்ளியின் தலைமை ஆசிரியராக விளங்கினார். பிறகு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, தேசப்பணியில் இறங்கி, லண்டனிலும் ஜினீவாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பேசிய பேச்சுக்களால், வெள்ளி நாவர் என்ற பட்டத்தை ஆங்கிலேயர் வாயாலேயே பெற்றார்.

சாஸ்திரியாருடைய ஆங்கிலத்தின் ரகசியம் என்ன என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அரிய சொற்களை அவர் அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைச் சொரிந்து கேட்பவரை மயக்கியவர் அல்லர். இரண்டு சொற்கள் ஏறக்குறைய ஒரே பொருள் தருமிடத்தில் அந்த ‘ஏறக்குறைய’ எத்தனை தூரம் என்று அளந்து பார்த்து, சமயத்துக்குப் பொருந்துவதை எடுத்து, பொருந்தாததை அது எவ்வளவு அழகாயிருந்தாலும் விலக்குவதே அவருடைய அப்பியாசம். உச்சரிப்பிலும் அவ்வாறே, ஒரு சொல்லின் அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதை ஐயமற அறியாமல் அதை மேடையில் ஏற்றமாட்டார். வடமொழியில் தேர்ச்சி பெற்றவராதலால், ஒரு தாதுவிலிருந்து நூறு சொற்கள் கிளைப்பதைக் கண்டு பழகிய அவர் கண்ணுக்கு, லத்தீன் வேர்களிலிருந்து ஆங்கிலச் சொற்கள் கிளைக்கும் விதம் அந்நியமாக இருந்திராது. காந்தியடிகளின் சத்திய சோதனையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் ஆக்கியபோது, அதன் திருத்திய பதிப்பை மொழிநோக்கில் செப்பனிட்டுக் கொடுத்தவர், தம் பெயரை வெளியிடலாகாது என்ற நிபந்தனையோடு உதவிய ஆங்கிலப் பெரும்புலவர் ஒருவர் என்று முன்னுரை கூறுகிறது. அவர் சாஸ்திரியாரே என்பது அறிஞர் பலருடைய முடிவு. பிறருடைய எழுத்தில் தம் பெயர் தெரியாமல் உழைத்த அந்த அடக்கம், எந்தச் சொற்பெருக்கையும்விட அவருக்கு அழகு செய்கிறது.

சேலத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இவ்வூரில் வக்கீல் தொழில் நடத்தி, நகராட்சித் தலைவராகவும் இருந்த சி. ராஜகோபாலாச்சாரியார், 1916இல் இங்கிருந்தே தமிழ்ச் சாஸ்திரப் பரிபாஷைச் சங்கம் ஒன்றை நண்பர்களோடு தொடங்கினார். ஆங்கிலத்தில் வழங்கும் ரசாயனம், பௌதிகம், தாவர சாஸ்திரம் முதலியவற்றின் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கிப் பத்திரிகையாக வெளியிடுவது சங்கத்தின் நோக்கம். நாட்டிலே மிக நல்ல ஆங்கிலம் எழுதுபவர்களுள் ஒருவர் என்று பெயர் பெற்றவர், அந்த ஆங்கிலத்தைக் கல்லாத பிள்ளையும் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்று கவலைப்பட்டார். 1940இல் சென்னை அரசாங்கம் கலைச்சொல் வகுக்க அமைத்த குழுவுக்குச் சாஸ்திரியாரே தலைவரானார்; அக்குழு வடசொற்களின்பால் சாய்ந்து நின்றது என்று தமிழறிஞர் பலர் கிளர்ந்தெழுந்து எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஒரு சொல் யாருக்காக ஆக்கப்படுகிறதோ, அவர் வாயில் அது தங்க வேண்டும்; சாஸ்திரியாருக்கு இயல்பாகத் தோன்றிய வடசொல், உழவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லைப் போலவே தூரத்தில் நின்றது. அவருடைய சிரத்தையையும் அறிவையும் போற்றிக்கொண்டே இதை நாம் ஒப்புக்கொள்ளலாம். இந்த வியாசத்தில் நான் வழங்கும் சொற்களிலும் வடமொழி மிகுதி என்பதை அறிவேன். அது நான் படித்து வளர்ந்த உரைநடையின் வழக்கு.

மறுபடியும் மலைக்குச் செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குளூனி சபைக் கன்னியர் ஏற்காட்டில் நிறுவிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டும், 1917இல் கேப்ரியல் சபைச் சகோதரர்கள் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளியும், முதலில் ஐரோப்பியர் பிள்ளைகளையும் தோட்டத் துரைமார் பிள்ளைகளையும் கருதி எழுந்தவை. பிறகு இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வசதியுள்ளோர் தம் மக்களை அனுப்பும் விடுதிப் பள்ளிகளாயின. 1960களின் தொடக்கத்தில் சிறு பிள்ளையாக மான்ட்போர்ட்டில் சேர்ந்து படித்தவர்களுள் ஒருவர் சசி தரூர். அவர் எடுத்து வழங்கும் நெடிய ஆங்கிலச் சொற்களைக் கேட்டு இளைஞர்கள் அகராதியைத் தேடி ஓடுகிற காட்சியை நாடே அறியும். அத்தகைய சொற்களைப் பற்றியே 2020இல் அவர் தனிப் புத்தகம் ஒன்று எழுதினார். ஆறு வயதுப் பிள்ளை இந்த மலையில் எத்தனை சொல் கற்றிருக்கும் என்று ஆராய்வது வீண். எனினும் காலை முதல் இரவு வரை ஒரு மொழியே காதில் விழும் விடுதி வாழ்க்கை, அம்மொழியை நெட்டுருப் போடாமலே உள்ளே புகுத்திவிடும் என்பதில் சந்தேகமில்லை.

அந்த வசதி இல்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு உதவியவை மலிவான புத்தகங்கள். 1929இல் சென்னையில் தோன்றிய லிட்டில் பிளவர் கம்பெனி, லிப்கோ என்ற சுருக்கப் பெயரோடு வெளியிட்ட ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதி நுழையாத நடுத்தர வீடு தமிழ்நாட்டில் அரிது. ஒரே பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும், அதன் ஆங்கில விளக்கமும், தமிழ்ப் பொருளும் அடுத்தடுத்து நிற்கும் அந்த அமைப்பு, தபால் மூலம் படித்த குமாஸ்தாவுக்கும், பரீக்ஷைக்குத் தனியே தயாரான பெண்மணிக்கும் வீட்டு உபாத்தியாயராயிற்று. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் சென்னைச் சர்வகலாசாலை வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம், மொழிபெயர்ப்பாளருக்கு இன்றளவும் ஊன்றுகோல். நார்மன் லூயிஸ் என்ற அமெரிக்கர் 1949இல் எழுதிய சொல்வள நூலும், ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகையில் 1945 முதல் வந்த சொல்லறிவுப் பகுதியும் நம் நாட்டில் பெற்ற செல்வாக்கு பெரிது. லத்தீன், கிரேக்க வேர்களைக் காட்டிச் சொற்குடும்பங்களாகக் கற்பிக்கும் லூயிஸின் முறை நம்மவருக்கு உவந்ததற்குக் காரணம், அது நிகண்டுக்கும், வடமொழி வேர்களைத் தொகுத்த தாதுபாடத்துக்கும் நெருங்கிய உறவாக இருந்ததே என்று நான் எண்ணுகிறேன்.

இனி, மலைக்கே திரும்பினால், வாழவந்தியைப் போன்ற மலைக்கிராமங்களின் பிள்ளைகள் அரசாங்கத்தின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ஊர்ப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தவர்கள் அவர்களுள் பலர். மலையிலுள்ள பூண்டுக்கும் மரத்துக்கும் பறவைக்கும், காப்பிப் பழத்தின் பக்குவத்துக்கும், மழையின் வகைகளுக்கும் அவர்கள் வீட்டில் பெயர்கள் உண்டு. நிகண்டின் மரப்பெயர்த் தொகுதியைக் கண்ணால் கண்டே கற்றவர்கள் அவர்கள். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் கற்பிக்க முற்படுகிற ஆசிரியர், பட்டியலை ஒப்புவிக்கச் சொல்வதற்கு முன், பிள்ளை அறிந்த தமிழ்ச் சொல்லைக் கேட்டுக் கரும்பலகையில் முதலில் எழுதி, அதன் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதட்டும். நாவலரும் பெர்சிவலும் யாழ்ப்பாணத்தில் செய்தது அதுவே. ஒவ்வொரு மலைப்பள்ளியிலும், அலமாரியில் பூட்டி வைக்காமல், பிள்ளைகள் கை வைத்துப் புரட்டும்படி ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று வகுப்புக்கு ஒன்றாக இருக்க வேண்டும். மாலையில் விடுதிப் பிள்ளைகளுக்கு, பாடப்புத்தகம் அல்லாத எளிய ஆங்கிலக் கதைகளும் தமிழ்க் கதைகளும் வாசிக்க ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கல்வி இலாகா மனம் வைத்தால் அடுத்த ஜூன் மாதத்திலேயே தொடங்கலாம்.